பாலட்டன் ஏரிக்கரை: மலைக்கு ஒரு ஒயின், ஒயினுக்கு ஒரு தட்டு

முதல் நாள்: பாலட்டன்ஃப்யூரெட், சோபாக்

புடாபெஸ்டின் டேலி நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் 2 மணி நேரத்தில் பாலட்டன்ஃப்யூரெட், ஹங்கேரியின் பாலட்டன் ஏரிக்கு வடகரையில் உள்ள ஊர். ஒயினுக்காக வருபவர்கள் ரயிலில் வருவதே புத்திசாலித்தனம். ஹங்கேரியில் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் மதுவின் அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். அரை கிளாஸ்தானே என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. வடகரை ரயில் பாதை ஏரியை ஒட்டியே ஓடுவதால் இங்கிருந்து பாடச்சோன் வரை கார் இல்லாமலே போய்விடலாம்.

ஏரியின் நீளம் 77 கிலோமீட்டர். சராசரி ஆழமோ 3 மீட்டருக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். இந்த ஊர் ஒயினுக்கு அடிப்படையே இந்தக் குறைந்த ஆழம். தண்ணீர் கோடையில் சீக்கிரம் சூடேறி, அந்தச் சூட்டை அக்டோபர் வரை கரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். வடகரைச் சரிவுகள் தெற்கு பார்த்தவை. நேர் வெயிலோடு நீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் கொடியின் மேல் விழும். ஏரிக் கண்ணாடியில் முகம் பார்க்க முடிகிற கொடியில்தான் நல்ல ஒயின் விளையும் என்பது உள்ளூர்ச் சொலவடை.

ஃப்யூரெட்டின் ஏரிக்கரை நடைபாதைக்குத் தாகூர் பெயர். 1926-இல் இங்குள்ள இதய மருத்துவமனையில் சிகிச்சைக்குத் தங்கியவர் ஒரு லிண்டன் மரக்கன்றை நட்டார். அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஊரான சோபாக்குக்கு நகர்ந்துவிடலாம். இன்றைய வேலை அங்கேதான்.

சோபாக்கின் மண் செக்கச் செவேலென்று இருக்கும். பெர்மியன் காலத்துச் செம்மணற்கல், இடையிடையே சுண்ணாம்புக் களிமண். இங்கே ராஜா ஓலாஸ்ரிஸ்லிங். ஜெர்மனியின் ரீஸ்லிங்குக்கும் இதற்கும் பெயரில்தான் உறவு, இரண்டும் வேறு வேறு திராட்சைகள். ஹங்கேரியில் அதிகம் பயிராகும் வெள்ளைத் திராட்சைகளில் முன்வரிசையில் இருப்பதால் சமவெளியில் மலிவாக, சப்பென்று விளைவதும் இதுதான். சோபாக்கில் அதே கொடி நிமிர்ந்த புளிப்பு, லேசான உப்பு, விழுங்கியபின் தொண்டையில் நிற்கும் கசப்பு பாதாம் என்று ஆள் மாறிவிடுகிறது. கசப்பைக் கெட்டுப்போன அறிகுறி என்று நினைத்துப் புட்டியைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. அந்தக் கசப்புதான் இதன் அடையாளம்.

இங்குள்ள தயாரிப்பாளர்கள் ஓலாஸ்ரிஸ்லிங்குக்கென்றே சோபாக் கோடெக்ஸ் என்ற விதித்தொகுப்பை வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது புட்டியில் ஒட்டிய சிட்டையில் அந்தப் பெயரையோ, ஷிரலோம்வாகோ, ஸ்லிக்கர் போன்ற தனித் தோட்டப் பெயரையோ தேடுங்கள். தோட்டப் பெயர் உள்ளது விலை கூட. ஆனால் இரண்டு மூன்று வருடம் வைத்தாலும் தாங்கும். கிராமப் பெயர் மட்டும் உள்ளதை அந்த வருடமே குடித்துவிடலாம்.

தட்டில் பொரித்த கெஸெக். முள் நிறைந்த ஏரி மீன். பக்கவாட்டில் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளியில், நடுமுள்ளைத் தொடாமல், நெருக்கமாகக் கீற வேண்டும். உப்புத் தடவிக் கால் மணி நேரம் விட்டு, மாவும் மிளகாய்த்தூளான பப்ரிகாவும் கலந்ததில் புரட்டி, நிறைய எண்ணெயில் பொரிப்பார்கள். கீறல் நெருக்கமாக இருந்தால் சிறு முட்கள் துண்டுபட்டு மொறுமொறுவென்று பொரிந்துவிடும், அப்படியே மென்று தின்னலாம். இடைவெளி கூடினால் தொண்டையில் முள். அவசரக் கடைகளில் இதுதான் நடக்கிறது. தட்டு வந்ததும் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாயில் வையுங்கள்.

எண்ணெய்க்கு எதிராகப் புளிப்பு, மீனின் உப்புக்கு ஒயினின் உப்பு. 10 டிகிரி குளிர்ச்சியில் ஓலாஸ்ரிஸ்லிங் இந்தத் தட்டுக்கென்றே பிறந்தது. கூடவே வரும் ஊறுகாய்க் கிண்ணம்தான் வில்லன். வினிகரில் ஊறிய வெள்ளரியும் கோஸும் வாயில் இருக்கும்போது எந்த ஒயினும் தண்ணீராகத் தெரியும். ஊறுகாயைக் கடைசிக்கு ஒதுக்குங்கள், அல்லது அதோடு ஃப்ரோச் குடியுங்கள்.

ஃப்ரோச் என்பது ஒயினும் சோடாவும். ஒவ்வொரு அளவுக்கும் தனிப் பெயர் உண்டு, பெயரைச் சொன்னால் போதும். 1 டெசிலிட்டர் (100 மில்லி) ஒயின், 1 சோடா என்றால் கிஷ்ஃப்ரோச். 2 ஒயின், 1 சோடா நாட்ஃப்ரோச். 1 ஒயின், 2 சோடா ஹோஸூலேபேஷ். வெயிலில் நடக்கிற நாளுக்கு இந்தக் கடைசிதான் சரி. ஒயினை முதலில் ஊற்றி, சோடாவை அதன் மேல் பீய்ச்ச வேண்டும், அப்போதுதான் தானே கலக்கும். இரண்டும் குளிர்ந்திருக்க வேண்டும், ஐஸ் கூடாது. மரப்பீப்பாயில் முதிர்ந்த ஒயினில் சோடா விட்டால் மரத்தின் கசப்பு மட்டும் மேலே வந்து நிற்கும். இளசான, புளிப்பான, விலை குறைந்த ஓலாஸ்ரிஸ்லிங் போதும்.

இரண்டாம் நாள்: திஹான்

ஏரிக்குள் நீண்டிருக்கும் எரிமலைத் தீபகற்பம். 1055-இல் நிறுவப்பட்ட பெனடிக்டின் மடம், லாவண்டர் வயல், கூட்டம். வெள்ளை ஒயினுக்குப் பேர்போன வடகரையில் இந்தத் துண்டு நிலம் மட்டும் சிவப்புக்குச் சரிப்பட்டு வருகிறது. மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த வெதுவெதுப்பு, எரிமலை மண். மெர்லோ, காபர்னே, கேக்ஃப்ராங்கோஷ் ஆகிய சிவப்பு ரகங்கள் இங்கே கிடைக்கும்.

சிவப்பு ஒயினோடு ஏரி மீன் வேண்டாம். ஒயினில் உள்ள இரும்பும் மீன் கொழுப்பும் சேர்ந்தால் வாயில் துருப்பிடித்த சுவை தட்டும். திஹானில் கேட்க வேண்டியது மான் அல்லது காட்டுப்பன்றிப் பொர்கோல்ட். வெங்காயத்தைப் பன்றிக்கொழுப்பில் வதக்கி, அடுப்பிலிருந்து இறக்கிப் பப்ரிகா போட்டு, உடனே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அப்புறம் இறைச்சி சேர்த்து மணிக்கணக்காக வேகவிடும் குழம்பு. இறக்காமல் போட்டால் பப்ரிகாவின் சர்க்கரை கருகிக் குழம்பே கசக்கும். அந்தக் கசப்பும் ஒயினின் துவர்ப்பும் சேர்ந்துவிட்டால் சாப்பிட முடியாது. கிளாஸ் 16 டிகிரியில் வரட்டும். வெயிலில் நின்ற மேசையில் ஊற்றினால் மதுவின் காட்டம்தான் மூக்கில் ஏறும்.

மூன்றாம் நாள்: பாடச்சோன்

ரயிலிலிருந்து பார்க்கும்போதே தெரிந்துவிடும். உச்சி சீவிவிட்டாற்போல் தட்டையான மலை, 437 மீட்டர். அடியில் பழைய பன்னோனியக் கடலின் மணலும் களியும், மேலே அதை மூடிய பசால்ட் எரிமலைப் பாறை. மூடி இருந்ததால்தான் சுற்றியிருந்த நிலம் அரித்துப்போனபோதும் இது மட்டும் நின்றது. கறுப்புக்கல் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி கொடிக்குத் தருகிறது. 1960-கள் வரை இந்தப் பாறையை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள், மலை முகத்தில் அந்தக் காயம் இன்னும் தெரியும். நிலையத்திலிருந்து மேலே போக ஜீப்புகள் உண்டு. மேலே ஜீப்பில் ஏறி, கீழே தோட்டங்களின் ஊடாக நடந்து இறங்குவது முழங்காலுக்கும் நாக்குக்கும் நல்லது.

பாடச்சோனுக்கு வந்துவிட்டு கேக்ன்யெலூ குடிக்காமல் போகக் கூடாது. நீலச் சாயல் கொண்ட காம்பால் பெயர் பெற்ற திராட்சை, உலகில் இந்த மலையைச் சுற்றித்தான் முக்கியமாக விளைகிறது. பூக்களில் பெண் பாகம் மட்டுமே வேலை செய்யும். மகரந்தத்துக்கு புடாய் ஸோல்ட் என்ற இன்னொரு ரகத்தை வரிசை விட்டு வரிசை நட வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும், அந்த நாட்களில் மழை பெய்யக் கூடாது, காற்றும் வேண்டும். ஏதாவது ஒன்று தவறினால் கொத்தில் விதையற்ற குறுமணிகள்தான் மிஞ்சும். கூட்டுப்பண்ணைக் காலத்தில் இவ்வளவு தொல்லை எதற்கு என்று பிடுங்கி எறிந்தார்கள், கிட்டத்தட்ட அழிந்தே போயிற்று. பாடச்சோனின் ஆராய்ச்சி நிலையம் இந்த இரண்டையும் கலந்து ரோஸாகோ என்ற ரகத்தை உருவாக்கியது. விளைச்சல் நிச்சயம், சுவையும் பரவாயில்லை, விலையும் குறைவு. ஆனாலும் பணம் இருந்தால் அசலையே வாங்குங்கள்.

கேக்ன்யெலூவின் வாசம் அடக்கமானது. காட்டுப்பூ, கொஞ்சம் பேரிக்காய், அதன்பின் கல்லை நக்கினாற்போன்ற உப்பு. குளிர்பெட்டியிலிருந்து 5 டிகிரியில் எடுத்து நீட்டும் கடைகளில் இது வெறும் புளித்த தண்ணீராகத்தான் தெரியும். கிளாஸை உள்ளங்கையில் பத்து நிமிடம் பிடித்துக்கொண்டு 11, 12 டிகிரிக்கு வரவிடுங்கள். உணவும் அடக்கமாகவே இருக்க வேண்டும். பூண்டு, புகையிட்ட இறைச்சி, காரம் எதுவும் வேண்டாம். பொருத்தமான தட்டு ஃபோகாஷ். பைக்-பெர்ச் வகை மீன், ஒன்றரை கிலோவுக்கு மேற்பட்டதைத்தான் அந்தப் பெயரால் அழைப்பது வழக்கம். வெள்ளைச் சதை, முள் குறைவு. வெண்ணெயில் தோல் பக்கம் முதலில் வைத்துப் பொரித்து, உப்பும் எலுமிச்சையும் மட்டும் சேர்த்தால் போதும். பாதாம் தூவி, சாஸ் ஊற்றி அலங்கரித்துக் கொண்டுவந்தால் ஒயின் தோற்றுப்போகும்.

மீன் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். 2013 முடிவோடு இந்த ஏரியில் வணிக மீன்பிடி நிறுத்தப்பட்டது. தூண்டிலுக்கு மட்டுமே அனுமதி. உணவகங்களில் கிடைக்கும் ஃபோகாஷ் பெரும்பாலும் வளர்ப்புக் குளத்திலிருந்தோ வெளியிலிருந்தோ வருவது. கரையோரக் கடைகளில் எல்லோரும் வரிசையில் நிற்கும் ஹெக் என்பதோ கடல்மீன், கடலே இல்லாத நாட்டுக்கு உறைந்த நிலையில் வந்து சேர்வது. மோசமில்லை. சூடாகத் தின்று ஃப்ரோச் குடிக்கலாம், அதற்குக் கேக்ன்யெலூவைத் திறப்பதுதான் வீண்.

இம்மலையில் பேர்போன இன்னொரு திராட்சை ஸுர்கெபாராட், அதாவது பினோ க்ரி. இது கனமான ஒயின், தேன் நிறம், மது அளவு 13, 14 சதவீதம் வரை போகும். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இனிப்பு மாறுவதால் இங்கேதான் சிட்டை படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஸாராஸ் என்றால் இனிப்பில்லாதது. லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை, புளிப்பு கூடுதலாக இருந்தால் 9 வரை அனுமதி. ஃபேல்ஸாராஸ் 12 வரை, அதே சலுகையோடு 18 வரை. ஃபேலேடெஷ் 45 வரை. அதற்கு மேல் ஏடெஷ். ஸுர்கெபாராட் என்று மட்டும் கேட்டால் பழைய பாணி அரை இனிப்பு வந்து சேர வாய்ப்பு அதிகம்.

ஸாராஸ் ஸுர்கெபாராட்டுக்குக் கெளுத்தி மீன் பப்ரிகாஷ். பப்ரிகா, புளித்த கிரீமான தெய்ஃபோல், கொழுப்பான மீன், எல்லாமே கனம். ஓலாஸ்ரிஸ்லிங் இங்கே மெலிந்து காணாமல் போகும். கிரீம் திரிந்து திட்டுத்திட்டாக வந்திருந்தால் கொதிக்கிற குழம்பில் நேராக ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கொஞ்சம் மாவும் சூடான குழம்பும் கலந்து தளர்த்திய பிறகே ஊற்ற வேண்டும். அரை இனிப்பு ஸுர்கெபாராட் கையில் மாட்டிக்கொண்டால் வாத்து ஈரல் வறுவல் கேளுங்கள், அதற்கு அதுதான் சரி.

நான்காம் நாள்: ஸென்ட் ஜோர்ஜ் மலை, காலிப் படுகை

பாடச்சோனுக்கு வடமேற்கே இன்னொரு பசால்ட் மலை. உச்சிக்குக் கீழே பாறை செங்குத்துத் தூண்களாக அடுக்கி நிற்கிறது. ஒயின் நிலவறைகள் சிறியவை, பல வீட்டோடு சேர்ந்தவை. முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அறுவடை நாட்களில் சொல்லாமல் போனால் கதவு திறக்க ஆள் இருக்காது, எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள்.

சுவைக்கும் ஒழுங்கு எல்லா நிலவறைக்கும் ஒன்றுதான். இனிப்பில்லாதது முதலில், இனிப்பு கடைசியில். மெலிந்தது முன்னே, கனத்தது பின்னே. பீப்பாய் படாதது முன்னே, பட்டது பின்னே. அரை டெசிலிட்டர் வீதம் ஐந்து, ஆறு ரகம் ஊற்றுவார்கள். எல்லாவற்றையும் விழுங்கினால் அதுவே 3 டெசிலிட்டர், அதாவது அரைப் புட்டிக்கு அருகில். துப்புவதற்குக் கிண்ணம் கேட்பதில் கூச்சம் வேண்டாம், ஊற்றுபவரும் துப்பிக்கொண்டுதான் இருப்பார். நடுவில் கொடுக்கும் உப்புப் பொகாச்சா என்ற சிறு பன்னை முதல் இரண்டு ரகத்துக்கு முன் தொடாதீர்கள். வெண்ணெயும் உப்பும் நாக்கில் படிந்தால் சுமாரான ஒயினும் நன்றாகத் தெரியும், விற்பவருக்கு அது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் காலிப் படுகையின் ஓரத்தில் உள்ள காப்டலன்தோட்டி என்ற ஊரின் லிலியோம்கெர்ட் சந்தை. ஆட்டுப்பால் சீஸ், புகையிட்ட சாஸேஜ், தேன், ரொட்டி, பழைய சாமான் எல்லாம் ஒரே இடத்தில். 9 மணிக்கு முன் போய்விடுங்கள், அப்புறம் வண்டி நிறுத்த இடம் கிடையாது. இளம் ஆட்டுப்பால் சீஸுக்கு இம்மலையின் ஓலாஸ்ரிஸ்லிங், பல மாதம் முதிர்ந்த சீஸுக்கு ஃபுர்மின்ட் என்ற வெள்ளை ஒயின். மாற்றிப் போட்டால் இளம் சீஸின் பால்வாசம் அமுங்கிவிடும்.

சைவம் மட்டும் உண்பவர்களுக்கு இந்த வட்டாரம் கொஞ்சம் கறார். தூரோஷ் சூஸா என்ற தயிர்ச்சீஸ் நூடுல்ஸ் பெயரளவில் சைவம், மேலே பன்றிக்கொழுப்புப் பொரியைத் தூவித்தான் கொடுப்பார்கள். ஆர்டர் செய்யும்போதே 'ஸலோன்னா நேல்க்யூல்' என்று சொல்ல வேண்டும். லெச்சோ என்ற மிளகாய் தக்காளி வதக்கலிலும் சாஸேஜ் இருக்கலாம், வதக்குவதே பன்றிக்கொழுப்பிலும் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். நம்பகமானவை பொரித்த சீஸ், வெள்ளரி சாலட், கசகசா அல்லது புளிப்புச் செர்ரி வைத்த மெல்லிய மாவுச் சுருளான ரேடெஷ். சூஸாவுக்கு ஓலாஸ்ரிஸ்லிங், பொரித்த சீஸுக்கு நாட்ஃப்ரோச்.

ஐந்தாம் நாள்: ஷோம்லோ

இது ஏரிக்கரை இல்லை. பாலட்டன் ஒயின் வட்டாரத்தில் சேர்ந்தது என்றாலும் வடக்கே தள்ளி, சமவெளியில் தனியாக நிற்கும் 432 மீட்டர் எரிமலை. வெஸ்ப்ரேமிலிருந்து செல்டோமோல்க் போகும் பாதையில் ஷோம்லோவாஷார்ஹெய் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ஏரி வெப்பம் இங்கே எட்டாது, காற்று அதிகம். அதனால் ஒயினில் புளிப்பு கூர்மை. வடகரை ஒயினை முதலில் குடித்துப் பழகிவிட்டு இங்கே வருவதே முறை. தலைகீழாகப் போனால் சோபாக் சப்பென்று இருக்கும்.

யுஹ்ஃபார்க் இந்த மலையின் திராட்சை. நீண்ட, நெருங்கிய, நுனி சற்று வளைந்த கொத்து, ஆட்டு வாலின் வடிவம். தோல் மெல்லியது, மணிகள் ஒன்றையொன்று நெருக்குவதால் செப்டம்பர் மழையில் நடுமணி வெடித்து அழுகும். அதனால் கொத்தைச் சுற்றி இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் விடுகிறார்கள். அதிகம் கிள்ளினால் வெயில் சுட்டுவிடும். ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தில் ஆண் வாரிசு வேண்டி முதலிரவில் ஷோம்லோ குடிப்பார்கள் என்ற கதையை எல்லா நிலவறையிலும் சொல்வார்கள். கதை கேட்டு வாங்குவதை விட வருடம் பார்த்து வாங்குவது மேல்.

அறுவடைக்கு மறுவருடமே திறந்த யுஹ்ஃபார்க் பல்லைக் கூச வைக்கும், வாசமும் இருக்காது. மூன்று வருடமாவது ஆன புட்டி கேளுங்கள். பழைய பெரிய பீப்பாய்களில் மெதுவாகக் காற்றுப்பட்டு முதிர்வதால் நிறம் தங்கமாக மாறி, புகை, உலர்ந்த மூலிகை, உப்பு என்று வரும். 13 டிகிரி, அகன்ற கிளாஸ், அரை மணி முன்பே திறந்து வைப்பது. வெள்ளை ஒயின் என்பதால் பனிக்கட்டியில் புதைப்பவர்கள் பணத்தையும் சேர்த்துப் புதைக்கிறார்கள்.

தட்டில் கொழுப்பு வேண்டும், தயங்க வேண்டாம். மங்கலிட்சா என்ற சுருள்மயிர்ப் பன்றியின் இறைச்சி, சிவப்புக் கோஸோடு வாத்துக்கால் வறுவல், அதுவும் இல்லையென்றால் ஸீரோஷ் கென்யேர், அதாவது பன்றிக்கொழுப்புத் தடவி, பச்சை வெங்காயமும் பப்ரிகாவும் தூவிய ரொட்டி. கடைசியாகச் சொன்னதுதான் மலிவு, எங்களுக்குப் பிடித்ததும் அதுதான். நாக்கில் படியும் கொழுப்பை யுஹ்ஃபார்க் வழித்தெடுத்துவிட்டு அடுத்த கடிக்கு இடம் செய்கிறது. வாத்துத் தோல் மொறுமொறுவென்று இருக்க வேண்டும். தொளதொளவென்று வந்தால் கொழுப்பு உருகி வடியவில்லை, திருப்பி அடுப்புக்கு அனுப்புங்கள்.

மலையின் பெயர் தாங்கிய ஷோம்லோய் கலுஷ்கா என்ற இனிப்பை இதே ஒயினோடு சேர்க்காதீர்கள். கேக், வால்நட், சாக்லேட், கிரீம், ரம் எல்லாம் சேர்ந்த பலகாரம். தட்டு ஒயினை விட இனிப்பாக இருந்தால் ஒயின் வெறும் புளி. தாமதமாக அறுத்த திராட்சையின் இனிப்பு ஒயினான ஹார்ஷ்லெவெலூ கிடைத்தால் அதோடு, இல்லையென்றால் காபியோடு.

ஆறாம் நாள்: தென்கரை

பாடச்சோனிலிருந்து ஃபோன்யோட்டுக்குப் படகு உண்டு, திஹானிலிருந்து ஸான்டோட்டுக்குக் கார் ஏற்றும் படகு பத்து நிமிடம். பலத்த காற்றில் கரையோர எச்சரிக்கை விளக்குகள் வேகமாக மின்னினால் படகுகள் தாமதமாகலாம். தென்கரை தாழ்ந்த நிலம், வண்டலும் மணலும், பாலட்டன்போக்லார் வட்டாரம். எளிமையான ஒயின்கள். இர்ஷாய் ஒலிவேர் என்ற வெள்ளைத் திராட்சை ஆகஸ்டிலேயே அறுப்பது, மஸ்கட் வாசம், 11 சதவீதத்தை ஒட்டிய மது. சென்ற வருடத்துப் புட்டியை வாங்காதீர்கள், வாசம் போயிருக்கும். கிராய்லெயான்கா என்ற இன்னொரு வெள்ளைக்கும் அதே விதி.

கரைக் கடைகளில் பாதி செப்டம்பர் நடுவோடு மூடிவிடும். திறந்திருப்பதில் லாங்கோஷ் கேளுங்கள். ஈஸ்ட் மாவை எண்ணெயில் பொரித்துப் பூண்டுத் தண்ணீர், தெய்ஃபோல், துருவிய சீஸ். பொரித்து அடுக்கி வைத்ததை வாங்காதீர்கள், எண்ணெய் குடித்து ரப்பராகியிருக்கும். மீன் பொரிக்கும் எண்ணெய் தனியா என்று சைவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. இர்ஷாய் ஒலிவேரில் செய்த ஹோஸூலேபேஷ் இதற்கு நன்றாகப் போகும்.

ஹலாஸ்லே என்ற கெண்டைமீன் குழம்பு வேறு விஷயம். சிறு மீனும் தலைகளும் வெங்காயமும் ஒரு மணிக்கு மேல் கொதித்து, வடிகட்டி, பப்ரிகா போட்டு, கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் மீன்துண்டுகள். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, சட்டியைப் பிடித்துக் குலுக்க வேண்டும், இல்லையென்றால் மீன் உடையும். கெண்டையின் சேற்று வாடை பயமுறுத்தினால் எலுமிச்சை பிழியுங்கள், அந்த வாடைக்குக் காரணமான பொருள் அமிலத்தில் சிதையும். காரமான சட்டிக்குத் துவர்ப்பான சிவப்பும், 14 சதவீத வெள்ளையும் ஆகாது. மது காரத்தை ஏற்றும். போக்லாரின் இளஞ்சிவப்பு ஒயினான ரோஸேதான் சரி, 12 சதவீதத்துக்குக் கீழே, நன்கு குளிர்ந்தது.

ஊருக்குப் புட்டி எடுத்துப்போக நினைப்பவர்களுக்கு: இந்தியச் சுங்கம் தீர்வையின்றி அனுமதிப்பது ஒருவருக்கு 2 லிட்டர். 750 மில்லி புட்டி இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர், மூன்றாவது கணக்கைத் தாண்டும். மீதி அரை லிட்டருக்கு ஒரு அரைலிட்டர்ப் புட்டி இனிப்பு ஒயின் சரியாகப் பொருந்தும். சரக்குப் பெட்டியின் நடுவில், துணியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை. வந்ததும் ஒரு வாரம் குளிர்பெட்டியில் அசையாமல் கிடக்கட்டும். இரண்டுக்குத்தான் இடம் என்றால் ஒன்று யுஹ்ஃபார்க், இன்னொன்று தோட்டப் பெயருள்ள சோபாக் ஓலாஸ்ரிஸ்லிங். கேக்ன்யெலூவை அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள்.